கையெழுத்துப் போட்ட போட்டோவா, ஆல்பம் தாளா, ஒப்பந்தமா? பழைய ஜாஸ் பாடகர்களின் ஆட்டோகிராஃப் வாங்குவோருக்கு

1920 முதல் 1950 வரை கொடிகட்டிப் பறந்த அமெரிக்க ஜாஸ், பாப்புலர் பாடகர்களின் கையெழுத்து சேர்க்க இறங்குபவர்கள் முதலில் தேடுவது 8×10 அங்குல போட்டோவைத்தான். முகமும் கையெழுத்தும் ஒரே இடத்தில் இருக்கும், சட்டம் போட்டு மாட்டலாம். இது போலிக்காரர்களுக்கும் தெரியும். அதே பாடகரின் கையெழுத்து வேறு உருவங்களிலும் சந்தைக்கு வருகிறது: ரசிகரின் ஆட்டோகிராஃப் புத்தகத்திலிருந்து பிரிந்த தாள் (ஆல்பம் தாள்), ஒப்பந்தம் அல்லது கடிதம், கச்சேரிப் புரோகிராம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. யாருடைய கையெழுத்து என்று சொன்னால் சொல்லலாம். லூயி ஆம்ஸ்ட்ராங் என்றால் போட்டோ வாங்கலாம். பில்லி ஹாலிடே என்றால் ஆல்பம் தாள். ஃபிராங்க் சினாட்ரா என்றால் ஆவணம். பெஸ்ஸி ஸ்மித் என்றால், பெரும்பாலானவர்களுக்கு, கையெழுத்தே வேண்டாம்.

போட்டோவில் என்ன பார்க்க வேண்டும்

பளபளப்பான 8×10 போட்டோ அந்தக் காலத்து விளம்பரச் சரக்கு. நியூயார்க்கில் அபீடா, ஜேம்ஸ் கிரீக்ஸ்மன், சிகாகோவில் மாரிஸ் சீமோர் போன்ற ஸ்டுடியோக்கள் படம் எடுத்துக் கொடுக்கும். அதைக் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் போட்டு கிளப்புகளுக்கும் பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் அனுப்புவார்கள். 1920களிலும் 30களின் தொடக்கத்திலும் தடித்த, பளபளப்பில்லாத, பழுப்புச் சாயல் கொண்ட தாள் நிறையப் புழங்கியது. அதில் மைப்பேனா நன்றாக ஓடும், மை தாளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பளபளப்புத் தாளில் அப்படி ஓடாது. மை திரளும், கோடு நடுவில் விட்டுப்போகும், காய்வதற்குள் கை பட்டால் இழுவிக்கொள்ளும். ஆகவே 1940களின் பளபளப்புப் படத்தில் மைப்பேனாக் கையெழுத்து கொஞ்சம் திக்கித் திணறி இருந்தால் பயப்பட வேண்டாம். பிசிறே இல்லாமல் ஒரே தடிமனில் ஓடியிருந்தால்தான் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இருண்ட பின்னணி உள்ள படங்களில் வெள்ளை மையால் எழுதுவதும் அப்போது வழக்கம். வெள்ளை மை என்பதாலேயே சந்தேகப்படத் தேவையில்லை.

முதல் வடிகட்டல் அச்சுக் கையெழுத்து. ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாகப் போன படங்கள் பலவற்றில் கையெழுத்து நெகட்டிவிலேயே ஏற்றப்பட்டிருக்கும். படத்தை மேசை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்து, மெதுவாகத் திருப்புங்கள். பேனா மை படத்தின் பளபளப்பிலிருந்து வேறுபட்டு, ஒரு கோணத்தில் மங்கலாகவோ ஒரு கோணத்தில் செம்பு மினுக்கலாகவோ தெரியும். அச்சுக் கையெழுத்து எந்தக் கோணத்திலும் படத்தோடு படமாகவே இருக்கும். ரப்பர் ஸ்டாம்பு என்றால் கோட்டின் இரண்டு ஓரத்திலும் மை ஒதுங்கி, நடுவில் வெளிறியிருக்கும்.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப், அதாவது சின்னப் பூதக்கண்ணாடி. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் வையுங்கள். வேகமாக எழுதிய கையில் ஒரு கோடு மற்றதன் மேல் தயங்காமல் ஏறிப்போகும், முடிவில் கூர்ந்து மெலியும். பார்த்து வரைந்த கையில் வளைவுகளில் சின்ன நடுக்கம் இருக்கும், பேனாவைத் தூக்கக்கூடாத இடத்தில் தூக்கி வைத்திருப்பார்கள், கோட்டின் முனை மொட்டையாக நிற்கும். பிறகு படத்திலுள்ள மடிப்பையோ கீறலையோ தேடுங்கள். கையெழுத்து அதன் மேல் போகிறதென்றால் மை அந்த வெடிப்புக்குள் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்திருந்தால், தாள் மடிந்த பிறகுதான் கையெழுத்து விழுந்திருக்கிறது. எண்பது வருடம் பழுத்த மடிப்புக்குள் மை இறங்கியிருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதே லூப்பில் படத்தையும் பாருங்கள். வெள்ளி உப்புத் தாளில் போட்ட பிரிண்டில் சாம்பல் நிறம் தொடர்ச்சியாக இருக்கும். புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்திலிருந்தோ கம்ப்யூட்டர் பிரிண்டரிலிருந்தோ வந்தது.

ஆண்டுக் கணக்கு பல போலிகளை நொடியில் வெளியேற்றும். அமெரிக்காவில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில். 1937-இல் கார் விபத்தில் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தும் 1943-இல் இறந்த ஃபேட்ஸ் வாலரும் பால்பாயிண்டில் கையெழுத்துப் போட்டிருக்க வழியில்லை. மார்க்கர் பேனாக்களில் மேஜிக் மார்க்கர் வந்தது 1953, ஷார்ப்பி 1964. பில்லி ஹாலிடே இறந்தது 1959 ஜூலை. ஷார்ப்பிக் கையெழுத்தோடு ஹாலிடே படம் என்று யாராவது நீட்டினால் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. தாளுக்கும் ஒரு சோதனை உண்டு. 1950களின் நடுவிலிருந்து போட்டோ தாள்களில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தத் தாள் நீலமாக ஒளிரும். 1930களின் பிரிண்ட் என்று சொல்லப்பட்டது ஒளிர்ந்தால், அது பிற்காலத்தில் போட்ட பிரிண்ட். தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும், சுருளாத தாள் என்றால் இன்னும் பிந்தியது. அத்தகைய பூச்சுத் தாள் பரவலானது 1970களில்தான்.

இந்தச் சோதனைகளில் தேறியதெல்லாம் அசல் ஆகிவிடாது. இந்தத் துறையின் மிகப் பெரிய தலைவலி பழைய போட்டோவில் புதுக் கையெழுத்து. கையெழுத்தில்லாத 1940களின் விளம்பரப் போட்டோ ஒன்றை முப்பது நாற்பது டாலருக்கு வாங்கி, பழைய மைப்பேனாவால் எழுதிவிட்டால், தாள், ஸ்டுடியோ முத்திரை, பேனா மூன்றும் தேர்வில் பாஸாகிவிடும். அப்போது மிஞ்சுவது எழுத்தின் ஓட்டமும் படம் வந்த வழியும்தான்.

படம் எது என்பதையும் கவனியுங்கள். வில்லியம் காட்லீப் டவுன்பீட் பத்திரிகைக்காகவும் பிறவற்றுக்காகவும் எடுத்த ஜாஸ் படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1995-இல் வாங்கியது. 2010 பிப்ரவரியில் அவை பொதுச் சொத்தாயின. 1947-இல் எடுத்த, கண்ணை மூடிப் பாடும் பில்லி ஹாலிடேயின் படம் அவற்றில் ஒன்று. இன்று யார் வேண்டுமானாலும் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். பத்திரிகைக்காரர் எடுத்த அப்படம், பாடகி தன் ரசிகர்களுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்த விளம்பரப் படம் அல்ல. அதில் கையெழுத்து இருந்தால் ‘இந்தப் பிரிண்ட் அவர் கைக்கு எப்படிப் போனது’ என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆல்பம் தாள்

கையகல ஆட்டோகிராஃப் புத்தகத்தின் தாள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். வெளிறிய ரோஸ், பச்சை, மஞ்சள் தாளில் ஒரு பெயர். ஆனால் போட்டோவில் கிடைக்காத சாட்சி இதில் கிடைக்கும். ரசிகர் மேடைக்குப் பின்னால் போனால் ஒருவரிடம் மட்டும் வாங்கித் திரும்புவதில்லை. பாடகியின் பெயருக்குப் பின்பக்கத்தில் அன்று பியானோ வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர் கையெழுத்துகள் இருக்கும். சில நேரம் ரசிகரே மூலையில் தேதியும் அரங்கின் பெயரும் குறித்திருப்பார். அந்தக் குழு அந்த ஊரில் அந்தத் தேதியில் இருந்ததா என்று பழைய பத்திரிகை விளம்பரங்களில் சரிபார்த்துவிடலாம். பெயர் தெரியாத டிரம்ஸ்காரரின் கையெழுத்தைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை என்பதால், பின்பக்கம்தான் முன்பக்கத்துக்குச் சாட்சி.

ஹாலிடேவுக்கு ஆல்பம் தாளைச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அவருடைய போட்டோக்கள் சில ஆயிரம் டாலருக்குப் போகின்றன, அந்த விலைக்குப் போலிகளும் தரமாக வருகின்றன. ‘ஸ்டே ஹேப்பி’ என்று எழுதிக் கையெழுத்திடுவது அவர் வழக்கம். அது ஊரறிந்த விஷயமாகிவிட்டதால் போலிக்காரர்களும் முதலில் அதைத்தான் எழுதிப் பழகுகிறார்கள். 1954 ஜனவரி, பிப்ரவரியில் அவர் ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஐரோப்பாவைச் சுற்றிப் பாடினார். அந்தப் பயணத்தில் ரசிகர்கள் வாங்கிய ஆல்பம் தாள், புரோகிராம் எதுவானாலும், ஊரும் தேதியும் பொருந்தினால், தனியாக நிற்கும் ஒரு போட்டோவைவிட நம்பகமானது. விலையும் குறைவு.

ஆல்பம் தாளில் இரண்டு சிக்கல். ஒன்று, வெற்றுத் தாளோடு பழைய ஆல்பங்களே சந்தையில் கிடைக்கின்றன. பின்பக்கம் காலியாக இருக்கும் ஒற்றைத் தாளுக்குப் போட்டோவைவிட அதிக நம்பிக்கை கொடுக்கக் காரணமில்லை. இரண்டு, கடைக்காரர்கள் தாளை வெட்டி, கீழே ஒட்டி, மேலே புதிய போட்டோ வைத்துச் சட்டம் போட்டு விற்கிறார்கள். சட்டத்தின் அழகுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் படம் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். பசையால் முழுதாக ஒட்டியிருந்தால் பின்பக்கத்துச் சாட்சி போயிற்று, மதிப்பிலும் பாதி போயிற்று.

புரோகிராம் பற்றிச் சுருக்கமாக: தேதி அச்சிலேயே இருப்பதால் ஆல்பம் தாளின் நன்மை இதற்கும் உண்டு. நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளிலேயே ஒன்றிரண்டு கிடக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் பாடகரும் டிராம்போன் கலைஞருமான ஜாக் டீகார்டன் 1958-59-இல் இந்தியா, இலங்கை உட்பட ஆசிய நாடுகளில் வாசித்தார். 1963-இல் டியூக் எலிங்டன் குழு வந்தது. பழைய வீட்டைக் காலி செய்யும்போது அந்த ஆண்டுகளின் காகிதக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டலாம்.

ஆவணங்கள்

ஒப்பந்தம், காசோலை, டைப் செய்த கடிதம் ஆகியவை சுவருக்கு அழகு சேர்க்காது. ஆனால் கையெழுத்து சட்டப்படி தேவைப்பட்ட இடம் என்பதால் பாடகரே போட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். சினாட்ராவுக்கு இது முக்கியம். 1940களில் அவருக்கு வந்த ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. செயலாளர்கள் அவர் பெயரை எழுதி அனுப்பிய படங்கள் இன்றும் எக்கச்சக்கமாகப் புழங்குகின்றன. அவை பழைய தாள், பழைய மை, சரளமான ஓட்டம், அசல் தபால் உறை எல்லாம் கொண்டவை. ஏமாற்றும் நோக்கம் இல்லாத போலி என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பாட்டியின் பெட்டியில் உறையோடு இருந்தது என்ற கதை உண்மையாகவே இருக்கும், கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்காது.

ஆவணத்திலும் எந்த வரியில் யார் கையெழுத்து என்று படித்துத்தான் வாங்க வேண்டும். 1935 முதல் ஆம்ஸ்ட்ராங்கின் தொழில் விவகாரங்களைப் பார்த்தவர் மேலாளர் ஜோ கிளேசர். ஆம்ஸ்ட்ராங் பெயர் தலைப்பில் இருப்பதாலேயே கீழே இருப்பது அவர் கை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

யாருக்கு எது

ஆம்ஸ்ட்ராங்தான் தொடங்குவதற்கு நல்ல ஆள். வாழ்நாள் முழுக்கத் தாராளமாகக் கையெழுத்துப் போட்டவர், பெயரைத் தெளிவாக எழுதுபவர், பச்சை மை பிரியர். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் அவர் 1943 முதல் 1971-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அதன் ஆவணங்களில் பெரும்பகுதியை இணையத்தில் பார்க்கலாம். ஒப்பிடுவதற்கு இவ்வளவு அசல் மாதிரிகள் வேறு ஜாஸ் பாடகர் எவருக்கும் இவ்வளவு எளிதில் கிடைக்காது. யாரோ ஒருவர் பெயர் குறிப்பிட்டு, இரண்டு வரி வாழ்த்தோடு அவர் கையெழுத்திட்ட போட்டோ சில நூறு டாலருக்குக் கிடைக்கும்.

பெயர் குறித்த படத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள், நம் பெயர் இல்லையே என்று. வாங்குபவருக்கு இது லாபம். விலை குறையும், அதோடு ‘லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்ற இரண்டு சொல்லைப் பழகிவிடும் போலிக்காரர், முன்பின் தெரியாத ஒரு பெயரையும் இரண்டு வரி வாழ்த்தையும் அதே கையில் எழுதத் திணறுவார். எழுத்து எவ்வளவு அதிகமோ சரிபார்க்க அவ்வளவு இடம். பின்னாளில் யாரோ அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்த படங்களும் வரும். கையெழுத்துக்கு மேலே தாள் மட்டும் சொரசொரப்பாக, பளபளப்பிழந்து இருந்தால் அதுதான்.

கேப் காலோவே, எல்லா ஃபிட்ஜெரால்ட், சோஃபி டக்கர், எத்தல் வாட்டர்ஸ் ஆகியோருக்கும் போட்டோவே போதும். நீண்ட காலம் மேடையில் இருந்தவர்கள், கையெழுத்துகள் நிறைய உண்டு, காலோவே பல நேரம் நூறு டாலர் அளவிலேயே முடிந்துவிடும். ஃபிட்ஜெரால்டுக்கு ஒரு எச்சரிக்கை: நீரிழிவால் பார்வை பாதித்த பிற்காலத்தில் போட்ட கையெழுத்தை 1940களின் மாதிரியோடு ஒப்பிட்டு போலி என்று முடிவுகட்டக் கூடாது. அந்தந்தப் பத்தாண்டின் மாதிரியைத் தேடுங்கள். அல் ஜோல்சன் 1950-இல் இறந்தாலும் அவர் படங்கள் ஏராளம். ஜோசஃபின் பேக்கர் படங்களை அமெரிக்காவில் தேடுவதைவிட பிரான்ஸில் தேடுவது நல்லது. அவர் வாழ்ந்ததும் புகழடைந்ததும் அங்கே. மில்ட்ரெட் பெய்லி 1951-இலேயே போய்விட்டார், போட்டோ அதிகம் வராது. வந்தால் ஹாலிடேவைவிடக் குறைந்த விலையில் வரும். தரமான பாடகி, போலி செய்ய யாருக்கும் பெரிய ஆசை இல்லாத பெயர். எங்கள் பார்வையில் இந்தச் சந்தையில் குறைத்து மதிக்கப்பட்டவர்.

1920களின் புளூஸ் பாடகிகளான பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி இருவரும் வேறு உலகம். அசல்கள் விரல்விட்டு எண்ணும்படி வருவதால், சரிபார்ப்பவர்களிடமே ஒப்பிட மாதிரிகள் குறைவு. பெஸ்ஸி ஸ்மித் என்பது ஆங்கில உலகில் தெருவுக்கு ஒருவருக்கு இருந்த பெயர் என்பதையும் மறக்கக் கூடாது. 1920களின் ஆல்பத்தில் அந்தப் பெயர் அசல் மையில் இருக்கலாம். எழுதியவர் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அந்தப் பணத்துக்கு பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா நிறுவனத்துக்குப் பாடிய 78 சுழற்சி ரெக்கார்டு ஒன்றையும், கையெழுத்தில்லாத, அந்தக் காலத்துப் போட்டோப் பிரிண்ட் ஒன்றையும் வாங்கினால் இரண்டும் சந்தேகமில்லாத பொருள்.

எங்கே, எவ்வளவுக்கு

பெரிய ஏல நிறுவனம், தனி வியாபாரி, இணையச் சந்தை என்று மூன்று வாசல். ஏலத்தில் கை தூக்கும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் சேரும். 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 400 டாலரில் சுத்தி விழுந்தால் 500 கட்ட வேண்டும், அனுப்பும் செலவும் இறக்குமதி வரியும் தனி. கையில் இருப்பது 500 என்றால் 350-ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். தனி வியாபாரியிடம் விலை கூடுதலாக இருக்கும், பேரம் பேசலாம். கேட்க வேண்டியது ஒன்றே: பின்னாளில் போலி என்று தெரிந்தால் கால வரம்பில்லாமல் பணம் திரும்பத் தருவாரா, அதை ரசீதிலேயே எழுதித் தருவாரா.

விற்பவரே அச்சடித்துத் தரும் உண்மைச் சான்றிதழுக்குக் காகித விலைகூட இல்லை. 1990களில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணை விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளைப் பற்றியது. அங்கே போலிக் கையெழுத்தோடு போலிச் சான்றிதழும் ஜோடியாகவே விற்கப்பட்டது. கையெழுத்துகளைச் சரிபார்க்கும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்களின் சான்று இதைவிட மேல். விற்பனையில் இருக்கும் பொருளின் படத்தைப் பார்த்துச் சுருக்கமாகக் கருத்துச் சொல்லும் சேவையும் குறைந்த கட்டணத்தில் உண்டு. ஆம்ஸ்ட்ராங், ஃபிட்ஜெரால்ட், சினாட்ரா போன்ற பெயர்களுக்கு அது பயன்படும். 1920களின் புளூஸ் பாடகிகளுக்கு அவர்கள் சொல்வதும் ஒரு கருத்து என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பின்

பிவிசி உறையில் போடாதீர்கள்; நாளாக ஆக அது கசிந்து படத்தோடு ஒட்டும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில், பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து, படுக்கையாக வையுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். ஒரு எண் தேவை என்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதினால் போதும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் அது சும்மா கிடைக்காது. கேமரா லென்ஸ் வைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியில் வைப்பதே எளிய வழி. அது இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஈரமானி ஒன்றையும் போட்டு, மழைக்காலத்தில் பைகளை அடிக்கடி மாற்ற வேண்டும்.

சட்டம் போடுவதானால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை கட்டாயம். பளபளப்புப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது கையெழுத்து கண்ணாடியோடு வந்துவிடும். மைப்பேனா மை வெளிச்சத்தில் வெளிறும், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பச்சை மையில் ஆம்ஸ்ட்ராங் எழுதியதை வைத்திருப்பவர்கள் நல்ல ஸ்கேன் ஒன்றைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அசலை அலமாரியில் வைக்கலாம். அந்தப் பிரிண்டின் பின்பக்கத்தில் ‘நகல்’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முப்பது வருடம் கழித்து யாரோ அதையும் அசல் என்று விற்பார்கள்.